நாத்தனார் பெருக்கி வைத்த மூலை

மார்ச் 4, திங்கள்

மூடிக் கிடக்கும் பேட்டரித் தொழிற்சாலை மனையை என்ன செய்யலாம் என்று திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நகராட்சியில் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு? "உங்க நாத்தனார் வீடு அந்தச் சுவரை ஒட்டித்தானே? இடம் உங்களுக்குப் பழக்கம்" என்றார் பெரிய பொறியாளர். இடம் எங்கே பழக்கம்? நாத்தனார்தான் பழக்கம். அதுவும் ஓரளவுக்குத்தான்.

மண்ணில் ஈயம் இருக்கிறது. எங்கே எவ்வளவு என்று தெரிந்தால்தான் எது வண்டி நிறுத்துமிடம், எது குழந்தைகள் திடல் என்று கோடு போடலாம். குழந்தைகள் மண்ணை அளைந்த கையை அப்படியே வாயில் வைக்கும். திடல் வரும் இடம் மட்டும் தப்பாகிவிடக் கூடாது. மற்றதில் சறுக்கினால் திட்டு வாங்குவதோடு போகும்.

மார்ச் 9, சனி

நாத்தனார் வீட்டுக்குப் போனோம், ஃபோன் செய்துவிட்டுத்தான். சொல்லாமல் போனால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். அந்த வீட்டில் ஒரு துண்டு கலைந்து கிடந்து நான் பார்த்ததில்லை. புது விரிப்பு, கண்ணாடி மாதிரி தரை. படுக்கையறைக் கதவை மட்டும் இழுத்துச் சாத்தியிருப்பாள். உள்ளே எந்த மலை ஒளிந்திருக்கிறதோ! நான் அவள் அண்ணன் பெண்டாட்டியா, ஆய்வுக்கு வந்த அதிகாரியா?

பின்சுவரில் ஓர் உடைசல். அது வழியாக மனைக்குள் போய் ஒரு மூலையில் கீரை, தக்காளி போட்டிருக்கிறாள். வாண்டு (அவள் மகன், ஆறு வயது) அங்கேதான் புரள்கிறான். "செவ்வாய்க்கிழமை மண்ணு எடுக்க வர்றோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்தக் கீரை வேண்டாம்மா, அவனையும் விடாத" என்றேன். முகம் ஒரு முழம் நீண்டது. "என் தோட்டத்துல என்ன குறை கண்டீங்க அண்ணி?"

திரும்பும்போது இவர், "அவ மனசு கஷ்டப்படுற மாதிரியா பேசறது?" என்றார். தங்கை என்றால் உருகிவிடுவார்.

மார்ச் 12, செவ்வாய்

மற்ற இடங்களில் ஆள் உயரத்துக்குத் துளைத்து மண் எடுத்தோம். நாத்தனார் மூலைக்கு மட்டும் துளைக்கும் வண்டி போகவில்லை. குறுக்கே பழைய இரும்புத் தொட்டி. வெயில் மண்டையைப் பிளந்தது. "கையாலயே மேலாப்ல ஒரு சாண் எடுங்க, போதும்" என்றேன். நல்ல கருகரு மண். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் அம்மா மாதிரி நாத்தனார் உடைசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 29, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. மனை முழுக்க ஈயம், அந்த மூலை மட்டும் சுத்தம்! திடல் அங்கேதான். "சபாஷ்" என்றார் பெரிய பொறியாளர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம்.

ஏப்ரல் 10, புதன்

கமிட்டியில் ஒப்புதல். ஊஞ்சலுக்கு நிறம் எதுவென்று மட்டும் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பினாள். "பாஸான மண்ணுல வெளஞ்சது"ன்னு சொல்லச் சொன்னாளாம். சமைத்தேன். ருசிதான், என்ன செய்வது.

ஏப்ரல் 20, சனி

எப்படி எழுதுவது இதை.

நாத்தனார் வீட்டில் சாப்பாடு. திடலைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் சிரித்தபடியே சொன்னாள்: "நாலு பேர் வந்து பாக்குற இடம் அண்ணி, அப்படியே விட முடியுமா? மொத நாளே குப்பை கூளமெல்லாம் பெருக்கித் தள்ளிட்டு, நர்சரியிலேர்ந்து நல்ல மண்ணா கொண்டாந்து பரப்பிட்டேன்ல! உங்க மானம் போயிடக்கூடாதுன்னுதான்."

நான் சோதித்தது நர்சரி மண்ணை! விருந்தாளி வருகிறார்கள் என்று தொழிற்சாலைக்கே விரிப்பு மாற்றியிருக்கிறாள்.

அவளைச் சொல்லி என்ன பயன்? ஒரு சாண் போதும்னு சொன்னது யாரு? நான்தானே. வெயிலாம், வெயில்.

ஐயோ, வாண்டு. இத்தனை நாளா அதத்தானே தின்னுட்டு, அதுலதானே புரண்டுட்டு இருந்தான்.

ஏப்ரல் 22, திங்கள்

பெரிய பொறியாளரிடம் சொல்லிவிட்டேன். சபாஷைத் திரும்ப வாங்கிக்கொண்டார், வட்டியோடு. தொட்டியை வெட்டி எடுத்து, அந்த மூலையை ஆழமாகத் தோண்டப்போகிறோம்.

ஏப்ரல் 25, வியாழன்

வாண்டு ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதல். "பயப்படாதீங்க, மண்ணும் கீரையும் நின்னா இறங்கும், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது வேண்டியிருந்தது.

மே 9, வியாழன்

மனையிலேயே மோசமான இடம் அந்த மூலைதான். பழைய பேட்டரிகளை உடைத்த இடமாம்.

மே 24, வெள்ளி

புதுத் திட்டம். அந்த மூலை மண்ணை வாரி வெளியேற்றி, மேலே களிமண், அதன் மேல் தார், வண்டி நிறுத்துமிடம். திடல் எதிர்ப்பக்கம், புது மண் நிரப்பிய பிறகு. கமிட்டியில் மறுபடியும் ஊஞ்சல் நிறம்!

ஜூலை 27, சனி

வாண்டுக்கு இறங்கிவிட்டது. நாத்தனார் ஃபோனில் அழுதாள். நான் அழவில்லை. சரி, அழுதேன்.

நவம்பர் 3, ஞாயிறு

திடல் திறக்கும் முன் கடைசி மண் சோதனை. ஆட்களோடு போனால் எனக்கு முன்னே நாத்தனார் நிற்கிறாள், இடுப்பில் கை. பக்கத்து வீட்டுக்காரர் பாவம், உதவியாக இருக்கட்டுமே என்று துடைப்பத்தோடு வந்திருந்தார். "தொடாதீங்க! இருக்கறது இருக்கறபடியே பாக்கட்டும்!" என்று ஒரு போடு போட்டாள். மனிதர் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். துளைக்கும் ஆளிடம், "இன்னும் ஆழமா போங்க" என்று எனக்கு முன்னால் அவளே சொன்னாள்.

தண்ணீர் குடிக்க அவள் வீட்டுக்குள் போனேன், சொல்லாமல் கொள்ளாமல். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. சோபா முழுக்க மடிக்காத துணி, வாண்டுவின் ஒற்றைச் சாக்ஸ், காலையில் குடித்த டம்ளர்கள். அவள் எதையும் மறைக்க ஓடவில்லை.

"தள்ளிட்டு உக்காருங்க அண்ணி" என்றாள்.

தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.