கல்லில் ஒரு லாடம்

2025 ஜூன் 8

தக்காளிக்கு மருந்து அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் மாமனார் சாதிச் சங்கத் தலைவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். தர்மனுக்கு ஊர் முக்கில் நினைவுக் கல் வைக்கப்போகிறார்களாம். உச்சியில் சங்கத்தின் சின்னம், கீழே அவர் படம்.

போன ஆகஸ்டில் வடக்கே மலைப் பாதையில் மண் சரிந்து, பீரங்கியை இழுத்துப்போன ராணுவ லாரியோடு புதைந்து போனவர் என் கணவர். அந்த மலையில் சங்கம் எங்கே இருந்தது?

"அவரு ரெஜிமென்ட் சின்னத்தைப் போடுங்க" என்றேன்.

தலைவர் சிரித்தார். "அது பார்த்த வேலைம்மா. வம்சம் வேற."

மாமாவும் தலையை ஆட்டினார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூன் 9

நான் கேட்டது தப்பா? இல்லை.

ஜூன் 15

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு ஜமீர் அண்ணனின் டயர் கடைக்குப் போனேன். தர்மனோடு ஒரே ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தர்மனின் தொப்பிச் சின்னத்தைக் காட்டினேன். மேலே பீரங்கி, அடியில் குதிரை லாடம்.

"குதிரை இல்ல தங்கச்சி. கோவேறு கழுதை. ஒடுக்கமா இருக்கு பாரு."

வெள்ளைக்காரன் காலத்தில் பீரங்கியைக் கழற்றி, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலை ஏறிய படையாம். பிறகு லாரி வந்தது. ரெஜிமென்ட்டின் எண் மாறியது, பீரங்கியும் மாறியது. லாடத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"மத்தவங்களுக்குக் கொடி இருக்கும். எங்களுக்குப் பீரங்கிதான் கொடி. எங்க வம்சம் எதுன்னு கேட்டா இதைத்தான் காட்டுவோம்" என்றார். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

ஜூன் 22

ஊர்க் கூட்டத்தில் சின்னத்தைக் காட்டி லாடத்தின் கதையைச் சொன்னேன். "கழுதை லாடத்தையா நம்ம பையன் தலைக்கு மேல வைக்கறது?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுந்தேன். "மண்ணு சரியறப்ப ரெண்டு பேரை வண்டியிலருந்து தள்ளிவிட்டுட்டுத்தான் அவரு போனாரு. ஒருத்தர் மலையாளி, ஒருத்தர் தெலுங்குக்காரர். தள்றதுக்கு முன்னாடி என்ன சாதின்னு கேக்கலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் சொன்னார்: "அப்படின்னா ஊர் முக்குல எடம் கெடையாது."

"வேணாங்க. ரோட்டோரம் எங்க நெலம் இருக்குது. அங்க வெச்சுக்கறேன்."

மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

ஜூன் 23

மாமா என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

ஜூலை 13

சங்கத்தை எதிர்த்து எப்படி இந்த ஊரில் இருக்கப்போகிறாய் என்று தங்கை போனில் கேட்டாள். எப்படியா? இருந்துகிட்டுதான் இருக்கேன். இருப்பேன்.

கல் செதுக்குபவர் லாடத்தை அகலமாக வரைந்திருந்தார். அழிக்கச் சொன்னேன். ஒடுக்கமாகத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 17

கல் நட்டாயிற்று. சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஊரிலும் பாதிப் பேர் வரவில்லை. மாமாவும்தான்.

"அவரு கெடக்கறாரு. எம் மவன் கல்லுக்கு நான் வராம யாரு வருவா" என்று அத்தை முதல் ஆளாக வந்து நின்றாள். ஜமீர் அண்ணன் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து சல்யூட் அடித்தார். தர்மன் தள்ளிவிட்ட இருவரும் வந்திருந்தார்கள். அத்தைக்கு அவர்கள் பேசியது புரியவில்லை. இருவர் கன்னத்தையும் மாறி மாறித் தடவிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 4

காரிமங்கலம் சந்தையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்பக்கம் மாமா நின்றிருந்தார். நான் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

"பீரங்கிக் கல்லு ஒண்ணு."

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லீங்களே. ஊர் முக்கா?"

"முக்குக்கு முன்னாடிப்பா. எம் மவன் கல்லு. அங்க நிறுத்து."

விசில் அடித்தது. மாமா இறங்கினார். நானும் அங்கேயே இறங்கிக்கொண்டேன்.