தன் வீட்டுக்கே வேலைக்காரி

ஆனி 28, வெள்ளி
காலையிலிருந்து சாரல். குடை கிழிந்தது. இனி நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இந்த டைரியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். மளிகைக்கடை இலவச டைரி. சத்தியம் செல்லும்.

நான்கு வழிச் சாலைக்குத் தங்கை செண்பகத்தின் வீடு போகிறது. குற்றாலம் போகும் வழியில் இரண்டு அறை, பின்னால் மாட்டுக்கொட்டகை. இழப்பீடு உண்டு. மாற்று மனையும் உண்டு. அங்கேயே குடியிருந்தால் மட்டும். இன்று பட்டியல் ஒட்டினார்கள். 'உரிமையாளர் இங்கு வசிக்கவில்லை. கொட்டகையில் சமையல்காரி ஒருவர்.'

அந்தச் சமையல்காரி செண்பகம்!

சீசனில் எங்கள் ஊரில் எவன் தன் வீட்டில் படுக்கிறான்? முன்வீட்டை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கொட்டகையில் பாய். கணக்கெடுக்க வந்தவன் கண்ணில் பட்டது மதுரைக் குடும்பமும் எண்ணெய்ச் சட்டியோடு இவளும்.

"ஏட்டி, அவன்ட்ட என்ன சொன்ன?"

"எப்பவும் சொல்லுததத்தான் அண்ணே. நான் சமையலுக்கு இருக்கேன், வீட்டுக்காரவ ஊர்ல இல்லன்னு. வரி போட்டுருவானோன்னு பயந்துட்டேன்."

"கையெழுத்து?"

"அதும் போட்டேன்."

மகாராணி. சொந்த அரண்மனையை ஒரு கையெழுத்தில் துறந்தவள்.

ஆனி 31, திங்கள்
வாங்க: பல்பொடி, குடைக்கம்பி, அரசாங்கத்துக்கு மூளை அரைக் கிலோ.

நில எடுப்பு ஆபீஸ். மின்விசிறி சுற்றுகிறது; வேறெதுவும் நகரவில்லை. அதிகாரிக்குப் புதுக் கண்ணாடி, பழைய புத்தி. ரேஷன் கார்டை நீட்டினேன்.

"கார்டு எல்லாரும்தான் வச்சிருக்காங்க பெரியவரே. நேர்ல பாத்ததுதான் கணக்கு. சமையல்காரின்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"சார், அகத்தியரே அந்த வீட்டுல வாடக குடுத்துத்தான் தங்கினாரு. எந்தங்கச்சிதான் இட்லி அவிச்சுப் போட்டா."

"ரசீது இருக்கா?"

நிஜமாகவே கேட்டான். அந்த முகத்தில் சிரிப்பு முளைக்க இன்னும் ஏழு பருவமழை வேண்டும்.

வெளியே காத்திருந்த செண்பகம் விஷயம் கேட்டு அழுதாள். "மாத்து மன கெடைக்கலன்னா எங்கன போவேன் அண்ணே?" என் வீட்டுக்கு வா என்றேன். ஒண்டிக்கொள்ள மாட்டாளாம். திமிர். எனக்குப் பிடித்த திமிர்.

வியாழக்கிழமை நேரில் பார்வையிட வருகிறார்களாம். யானை, குடை, கொடி எல்லாம் ஏற்பாடு செய்யவா?

ஆடி 2, வியாழன்
வெயில், தூறல், வெயில். ஜீப்பில் மூன்று பேர், ஒரு டேப்.

செண்பகத்தின் மாமனார் தன் உயரத்துக்கு வாசல் நிலை வைத்தவர். மனிதர் நாலரையடி. கண்ணாடி அதிகாரி நிமிர்ந்து நுழைந்தார். 'ணங்'. செங்கோட்டை வரை கேட்டிருக்கும். ஐந்தருவி ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி விழுந்தது. பின்னாலேயே டேப் பிடித்தவன், 'ணங்'. சிரித்துக்கொண்டே போன நான், 'ணங்'.

மூவரும் தலையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். செண்பகம் தண்ணீர் கொண்டுவந்தாள். கண் முழுக்கத் தம்ளர் மேல். நிலையைப் பார்க்கவே இல்லை. தலை தானாகத் தாழ்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இரண்டாவது தம்ளருக்குப் போனாள், குனிந்தாள். வந்தாள், குனிந்தாள்.

அதிகாரி குடிக்காமல் பார்த்தார்.

"எத்தன வருஷமாம்மா இங்க இருக்கீங்க?"

"கல்யாணமாயி வந்த அன்னைக்குலருந்து சார். மொத நாளே இடிச்சேன்." முன்மயிரை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள். முத்திரை வைத்த பட்டா.

'சமையல்காரி'யை அடித்துவிட்டு 'உரிமையாளர், குடியிருப்பவர்' என்று எழுதினார். பென்சிலில்! என் பேனாவை நீட்டினேன். மேலேயே மறுபடி எழுதவைத்தேன். பேனாவைத் திருப்பித் தரவில்லை, திருடன்.

ஆடி 3, வெள்ளி
புடைப்புக்கு ஐஸ். மனைக்கு உத்தரவு வந்துவிட்டதாகச் சொல்ல செண்பகம் வந்தாள். என் வீட்டு நிலை ஏழடி. உள்ளே வரும்போது குனிந்தாள்.

"ஏட்டி, இங்கன எதுக்குக் குனியுத?"

"நான் எங்க குனிஞ்சேன்?"

மேலே எழுதியதில் பாதி என் கைச்சரக்கு. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன். ஏழடி வாசலில் அவள் குனிந்தது மட்டும் நிஜம்.