எட்டாவது மூட்டை

ஜனவரி 6

சின்னு, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். பாதிக்குமேல் வெறும் தாள். மூன்றாவதோடு நின்றவள் உன் அக்கா, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சிரிக்காதே.

நீ போனபிறகு முதல்முறையாக இன்றைக்கு நானே தொட்டியைப் பார்த்தேன். ஊறுகிற காப்பிக்கொட்டையில் குச்சியைக் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்கணும், அப்போதான் கழுவணும் என்பாய். நம்பிக்கை வராமல் குத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரி, "கழுவப் போறியா, சல்லடை பண்ணப் போறியா?" என்றாள். பதினேழு நாள் கழித்துச் சிரித்தேன். சிரித்ததற்கே அழுகை வந்தது.

ஜனவரி 7

தூறல். களத்தில் காய்ந்ததை வாரி உள்ளே போடவே பொழுது சரியாகப் போச்சு.

ஜனவரி 11

ஏழு மூட்டை நன்றாகத் தேறியது. எட்டாவது நீ காய்ச்சலோடு பறித்தது. நீ கண்மூடின பிறகு மூணு நாள் தொட்டியிலேயே கிடந்தது. யார் பார்த்தா? அப்புறம்தான் தம்பி கழுவிக் காயவைத்தான். பார்வைக்குப் பழுதில்லை. மோந்தால் குப்பென்று புளிப்பு.

எட்டு மூட்டை தருகிறோம் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தவள் நீ. சொன்னதில் குறைந்தால் அடுத்த வருஷம் சங்கத்தில் இடமில்லை என்ற விதியும் நீ கொண்டுவந்ததுதான். லாரி வியாபாரிக்குத் திருட்டுத்தனமாகத் தள்ளிவிட்டு, சங்கத்துக்குக் கையை விரித்தவர்களுக்காக. அது உன் அக்கா கழுத்துக்கே வரும்னு நினைச்சியாடி?

சங்கம் இல்லாத காலம் ஞாபகம் வருகிறது. லாரிக்காரன் சொன்னதுதான் எடை, சொன்னதுதான் விலை. சங்கம் சேர்க்க நீதான் இருபத்திரண்டு வீட்டுப் படியேறினாய். நியாயமான விலைக்கு வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். நான்கூட.

ஜனவரி 14

தம்பி சொல்கிறான்: "அதையும் சேத்துக் கொட்டிடு அக்கா. அவ்வளவு பெரிய குவியல்ல யாரு மோந்து பாக்கப் போறா?"

சங்கத்தில் எல்லா வீட்டுக் கொட்டையும் ஒரே குவியல்தான். அதனாலதானே பயமா இருக்கு — நம்ம புளிப்பு இருபத்திரண்டு வீட்டையும் கெடுக்குமே. கொட்டலைன்னா பழையபடி லாரிக்காரன் முன்னாடி நிக்கணும்.

ஜனவரி 15

என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் நீ.

ஜனவரி 18

சங்கக் கிடங்கு. ஏழு மூட்டையும் அவிழ்த்துக் கொட்டினேன். எட்டாவதன் தையலில் கை வைத்தேன். உன் தையல் இல்லை, தம்பி தைத்தது. நீயாக இருந்தால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கொட்டை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் கொட்டவிடுவாய்.

"ம், அதையும் அவுரு" என்றார் செயலாளர் அம்மா.

"இது சின்னு பறிச்சது. புளிச்சிருச்சு. வேணாம்."

அந்தம்மா மூட்டையில் முகம் வைத்து மோந்துவிட்டுக் கொஞ்சநேரம் நிமிரவே இல்லை. கூட்டத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார். தம்பி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு நடந்தான்.

பிப்ரவரி 2

கூட்டம். விதியைப் படித்தார்கள். உன் கையெழுத்துதான். தலை குனிந்துகொண்டேன்.

எழுந்தது யார் தெரியுமா? சண்டைக்கோழி என்று நீ பேர் வைத்தாயே, அந்த மனுஷன். "அன்னைக்கு நாம எல்லாரும் அந்த வீட்லதான் நின்னோம். ஒருத்தராவது தொட்டிய எட்டிப் பாத்தோமா? புளிக்க விட்டது சங்கம்." உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எனக்கு இடம் உண்டு. விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: சாவு விழுந்த வீட்டுத் தொட்டியை அடுத்த தோட்டத்துக்காரர் பார்க்கணும்.

மார்ச் 21

போன வாரம் மழை, இன்றைக்குத் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உன் மூட்டையில் ஒரு கை அள்ளி வறுத்துப் பொடித்துக் காப்பி போட்டேன். தம்பி ஒரு வாய் குடித்து ஓடிப்போய்த் துப்பினான். நீயும் துப்பியிருப்பாய்.

நான் இரண்டாவது டம்ளரும் ஊற்றிக்கொண்டேன். மூட்டை இடுப்புயரம்தான் இருக்கு. இது தீர்ந்துட்டா நீ பறிச்சதுன்னு எதை எடுப்பேன், சின்னு?