‘வெள்ளி நாரை’யின் கப்டன் பதவி

1979 ஜூன் 1, வெள்ளி

அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனை வாசிகசாலைப் பலகையில் என் கதையின் ஆறாம் அத்தியாயம் ஏறியது. சூறாவளி கொண்டுபோன கூரைக்குப் பதிலாகப் போட்ட தகரத்தின் கீழே நின்று பதினேழு பேர் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த கால்பந்துச் செய்திக்கு நாலு பேர்.

கதை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ‘வெள்ளி நாரை’ என்ற வானக் கப்பலின் கப்டன் காலிதீனுக்குத் தொண்ணூறு வயது. வான்படையில் ஓய்வு பெறும் வயது அதுதான், நான் வைத்தது. அடுத்த வெள்ளி, இரண்டாம் இயந்திரி நூஹு அந்தக் கதிரையில் உட்காருவான். நாலாம் அத்தியாயத்தில் கப்டனின் மகள் ஸுல்பிகாவைக் கல்யாணம் முடித்துக்கொண்டு துணிப்பெட்டியோடு கப்பலில் வந்து ஏறியவன். ஐந்தாம் அத்தியாயத்தில் முப்பத்தொரு வருடம் கடந்தது. அத்தனை வருடமும் எஞ்சின் அறை. ஒரு படிகூட ஏற்றவில்லை படுபாவிகள்.

நானும் சம்மாந்துறை நெல் மில்லில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் ஓட்டினேன். எங்களை மேற்பார்க்கும் போமன் வேலை காலியானபோது முதலாளி தன் தங்கை மகனைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவன். எல்லாரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கொடுக்கமாட்டேன்.

பலகைக்கு அழகான எழுத்தில் எழுதித் தருபவள் நதீரா டீச்சர். ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்பது என் நிபந்தனை. “மாமா, ஒங்கட பிழையளையும் அப்படியே எழுதவா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போகாதவன்தானே என்ற நினைப்பு. பிழையை மட்டும் மாற்றலாம் என்றேன்.

ஜூன் 2

பலகையின் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: ‘நூஹு கப்டன் ஆகாவிட்டால் நான் இனி வாசிக்கமாட்டேன்.’ விவரமான வாசகன்.

ஜூன் 8, வெள்ளி

நூஹு கப்டன் ஆகிவிட்டான். காலிதீன் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைக்கிறார், எஞ்சின் அறைக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அடித்து ஆரவாரம் செய்கிறார்கள். நாலு தடவை திருத்தி எழுதிய கட்டம்.

நற்பிட்டிமுனைக் கந்தப்போடி வந்திருந்தான். வயல்காரன், பழைய கூட்டாளி, என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பவன். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளைச் சாத்திவிட்டு என் கதையை வாசித்த பிறகுதான் சந்தைக்குப் போவான். வாசித்து முடித்துத் தலையைச் சொறிந்தான்.

“காக்கா, ஒரு சந்தேகம். இந்தக் கப்பல் ஆர்ர பேரில கிடக்கு?”

“காலிதீன்ட பேரில.”

“இல்லியே. மகளுக்குச் சீதனமாக் கப்பல எழுதிக் குடுத்தாரு எண்டு நாலாம் அத்தியாயத்தில நீங்கதானே எழுதினீங்க?”

எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுக்கிறவன் வீட்டையும் அவள் பெயரில் எழுதிக்கொடுப்பான், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். வானத்தில் வீட்டுக்கு எங்கே போவது? கப்பலைக் கொடுக்கவைத்தேன். யோசித்தா எழுதினேன்? அது தானாக வந்தது.

“அப்ப கப்பல் ஸுல்பிகாட. மாமனார் மருமகனத் தூக்கிக் கதிரையில வெச்சிருக்காரு. ஒங்கட மில்லுக்குப் போமன் வந்த மாதிரித்தானே காக்கா இதும்!”

தகரம் அதிரச் சிரித்தார்கள். பதினேழு பேரும். குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9

நூஹுவும் அந்தப் போமனும் ஒன்றா? ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவனும் நூஹுவும்?

றாஹிலாவிடம் சொன்னேன். என் மனைவி ஒரு அத்தியாயமும் வாசித்தவள் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் மீன் வெட்டிக்கொண்டே கேட்டவள்.

“கந்தப்போடி சொன்னது சரிதானே,” என்றாள். “கப்பல் ஸுல்பிகாட. நூஹு வந்து ஏறின மாப்பிள. அவருக்கென்ன கப்டன் வேல?”

“முப்பத்தொரு வருசம் எஞ்சினுக்குள்ள கிடந்தவன் அவன், புள்ள!”

“கிடக்கட்டும். இந்த ஊட்டிலயும் ஒரு ஆள் முப்பத்தெட்டு வருசமாக் கிடக்காரு. ஊடு ஆர்ர பேரில எண்டு நான் எப்பயாச்சும் சொல்லிக் காட்டினனா?”

“இப்பச் சொல்லிக் காட்டிட்டாய்தானே!”

ஜூன் 10

எழுதவில்லை. மீன் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 11, திங்கள்

காலை பஸ்ஸில் சம்மாந்துறைக்கு வந்துவிட்டேன். நான் பிறந்த வீடு. தங்கை முனவ்வறா தேத்தண்ணி தருவதற்கு முன்பே கேட்டாள்:

“காக்கா, எத்தின நாளைக்கு?”

“ஏன், என்ர ஊட்டுக்கு வாறதுக்கு நாள் பாக்கணுமா?”

“நீங்க பொறந்தது இஞ்சதான். உம்மா எழுதினது எனக்கு. மச்சியோட கோவிச்சிக்கிட்டுத்தானே வந்தீங்க? நாலு மணி பஸ் இரிக்கு.”

நாலு மணி பஸ்ஸில் போகவில்லை. பிடிவாதத்துக்கு ஒரு இரவு தங்கினேன். நுளம்பு கடித்துத் தூக்கமில்லை.

ஜூன் 12

திரும்பிவிட்டேன். கல்முனையில் ஒருத்தியின் வீடு, சம்மாந்துறையில் இன்னொருத்தியின் வீடு. நடுவில் ஓடுகிற பஸ் ஒன்றுதான் அரசாங்கத்துடையது. றாஹிலா ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஜூன் 14, வியாழன்

நாளைக்கு அத்தியாயம் வேண்டும். நதீரா வீட்டு விறாந்தையில் இருந்து ஒவ்வொரு வழியாகச் சொல்லிப்பார்த்தேன்.

ஸுல்பிகா விண்கல் விழுந்து மௌத்தாகிறாள். “அவளச் சாகடிச்சா நான் எழுதித் தரமாட்டன்.”

ஸுல்பிகா கப்பலைக் கணவன் பெயருக்கு மாற்றி எழுதுகிறாள். “மாமா, ஒங்கட ஊட்டில மாத்திருவாங்களா?” அடுத்த வழிக்குப் போனேன்.

நூஹு வேறு கப்பலுக்குப் போய்க் கப்டன் ஆகிறான். இது நல்ல வழி என்றுதான் நானும் நினைத்தேன். அவள் பேனையை மூடினாள். “அந்தக் கப்பல்ல முப்பத்தொரு வருசம் வேல செஞ்சவன் ஒருத்தன் இரிப்பான்தானே? அவன என்ன செய்யிற?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிப் படிப்பித்துவிட்டார்கள்.

ஜூன் 15, வெள்ளி

பலகையில் என் இடம் வெறுமையாக இருந்தது. பென்சில்காரன் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறான்.

ஜூன் 17, ஞாயிறு

எட்டு நாளுக்குப் பிறகு றாஹிலா வாய் திறந்தாள்.

“நூஹு கெட்டிக்காரன் எண்டுதானே நிக்கீங்க? பரீட்ச வைங்களன். வேற கப்பல்காரர் வந்து வெக்கட்டும். அவனும் எழுதட்டும், ஸுல்பிகாவும் எழுதட்டும்.”

“அவளுக்கு என்ன தெரியும்?”

“அது பேப்பரப் பாத்தாத் தெரியும்.”

சரி. பரீட்சை என்றால் பரீட்சை. மில்லில் இல்லாதது என் படையில் இருக்கும். கேள்விகளை நானே எழுதுவேன், கள்ளம் இல்லாமல்.

ஜூன் 18

பத்துக் கேள்வி. ஒன்பதை எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். றாஹிலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒம்பதும் எஞ்சினப் பத்தித்தானே?”

“எஞ்சின் இல்லாட்டிக் கப்பல் ஏது?”

“பத்தாவத நான் கேக்கன். கப்பல்ல நாப்பது பேர். ரெண்டு புள்ளையளுக்கு அம்ம நோய் போட்டிரிக்கு. கப்டன் என்ன செய்யணும்?”

நூஹுவுக்காக நான் உடனே பதில் சொன்னேன்: “எஞ்சின் நிக்காது.”

“எஞ்சின் நிக்காது, சரி. அந்த ரெண்டு புள்ளையளும்?”

மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். பத்து நிமிடம். நூஹு பேசவில்லை. முப்பத்தொரு வருடமாக மேல்தட்டுக்குப் போகாதவன். அந்தப் பிள்ளைகளின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் எழுதியதே இல்லை.

ஸுல்பிகாவின் பதிலை றாஹிலா சுளகை விடாமலே சொன்னாள். புறம்பான அறை. புறம்பான தண்ணீர்ப் பானை. ஏற்கனவே அம்மை வந்து மாறியவர்களாகப் பார்த்து இரண்டு பேர் காவல். தாய்மாருக்கு முதலில் நேரே போய்ச் சொல்ல வேண்டும், மற்றவர் வாயால் கேட்கவிடக்கூடாது. கிட்ட உள்ள துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டும். நான் எழுதிக்கொண்டிருந்த கலண்டர் தாளின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.

என்னுடைய ஒன்பது கேள்விகளையும் திரும்பப் பார்த்தேன். அதில் ஐந்து, கப்டனுக்குத் தேவையே இல்லாதவை. வெட்டினேன். புதிதாக ஐந்து எழுதினேன். கை வலித்தது.

ஜூன் 22, வெள்ளி

எட்டாம் அத்தியாயம். ஏழாவதில் நடந்தது தற்காலிகமான பதில் கடமை நியமனம் என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டேன். பரீட்சை முடிவு: ஸுல்பிகா எழுபத்தொன்று. நூஹு ஐம்பத்தெட்டு. கப்டன் ஸுல்பிகா. நூஹுவுக்கு ஒரு படி உயர்வு, பிரதம இயந்திரி. அந்த உயர்வுக் கட்டளையில் கையெழுத்து வைத்தவர்கள் வெளிக் கப்பல் பரீட்சகர்கள். பெண்சாதி வைக்கவில்லை. அது முக்கியம்.

இருபத்தாறு பேர் வாசித்தார்கள். கந்தப்போடி இரண்டு தரம் வாசித்தான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. என் குடையையும் கொண்டுவந்து தந்தான்.

“காக்கா, நூஹுவுக்குக் கவலதானே?”

“கவலதான். எஞ்சின் அறைக்குப் போய்க் கதவச் சாத்திட்டான்.”

“எத்தின நாளைக்கு?”

“அது அவன்ட விசயம். ஒனக்கென்னகா?”

பென்சில்காரன்: ‘நான் இனி வாசிக்கமாட்டேன்.’ போகட்டும்.

போமன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அவனுக்கும் பரீட்சை வைத்திருக்க வேண்டும். எனக்கும் வைத்திருக்க வேண்டும். நான் வென்றிருப்பேன்.

ஜூன் 29

ஒன்பதாம் அத்தியாயம். பென்சில்காரன் வாசித்திருக்கிறான்.

ஜூலை 12, வியாழன்

அமெரிக்காக்காரனின் ஸ்கைலாப் விண்கூடம் அவுஸ்திரேலியாப் பக்கம் விழுந்துவிட்டதாம். ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் கடலில் விழும் என்று இரண்டு நாளாகத் தோணி இறக்காமல் இருந்தவர்கள் இன்றைக்கு இறங்கினார்கள். மீன் மலிவு.

நாளைக்குப் பதினோராம் அத்தியாயம். எஞ்சின் அறைக் காட்சி முடிந்துவிட்டது. நூஹு புதிதாக ஒரு வால்வு பொருத்தி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறான். மிச்சம் ஒன்றுதான் முடிவாகவில்லை. சனிக்கிரகத்தின் வளையத்தை ஊடறுத்துப் போவதா, சுற்றிப் போவதா? ஊடறுத்தால் நாலு நாள் மிச்சம். ஆனால் கப்பலில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

றாஹிலா மஃரிப் தொழுதுகொண்டிருக்கிறாள். முடியட்டும். கேட்டுவிட்டு எழுதுவோம்.