அட்டை இல்லாத கை

மாங்குளம்,
ஆவணி 1985

என் மேல் கோபம் தீராதவளுக்கு,

தொழில் எப்படி என்று கேட்டிருந்தாய். சுளுக்குக்கு எண்ணெய் போட்டு உருவுகிற கடைக்கும் இனி லைசன்ஸ் வேண்டுமாம். உருவுகிறவனிடம் அடையாள அட்டை இருக்க வேண்டுமாம்.

நீயும் நம் மகனும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, இந்தியப் பிரஜையாகிறேன் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று நின்றவன் நான். இந்த நாட்டுக்காரன் என்றும் என்னை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அட்டைக்கு எங்கே போவேன்?

லைசன்ஸ் கொடுக்கிற கந்தோரில் இருந்தவர் இடுப்புப் பிடிப்போடு என்னிடம் வந்து படுத்தவர்தான்.

"ஐயா, உங்கட கையைத் தெரியும். ஆனா ஆரெண்டு எழுதுறது?" என்றார்.

பக்கத்துத் தேநீர்க்கடை மஹ்றூப், "அண்ணே, என்ட பேரில லைசன்ஸ் எடுப்பம். நீங்க உள்ளுக்க இருந்து உருவுங்கோ" என்றான்.

"என் கைக்கு ஒன் பேரா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன். அது பிழை என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஆள் வருவதில்லை. சும்மா இருந்து விரல்கள் விறைத்துப் போகின்றன.

வரச்சொல்லி எழுதியிருக்கிறாய். தலைமன்னார்க் கப்பல் நின்றுவிட்டது. ஓடியிருந்தால் வந்திருப்பேன் என்று நான் எழுத மாட்டேன்.

உன் முழங்கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. அங்கே யார் உருவிவிடுகிறார்கள்? கீழிருந்து மேலாக, மெதுவாகத் தடவச் சொல். யாரும் இல்லையென்றால் அதை எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
நின்ற இடத்திலேயே நிற்கிறவன்