பை கிழித்த பதினொன்று

ஜூன் 3, திங்கள்

மண்ணுக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு, விரல் அகலத்துக்கு. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பத்து மணிக்கே நல்ல வெயில். மழை வருகிற மாதிரி இல்லை.

மல்லாபூரில் ஃபேக்டரிகளுக்குப் பின்னால் காலி நிலம். லாரியில் வந்த புங்கைக் கன்றுகளை நேற்று ஆட்கள் குழியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையோடு. போன வருஷம் இதே குழிகளில் நட்டது அநேகமாக எல்லாம் காய்ந்துபோயிற்று. செத்த கன்றுகளில் இருந்த நம்பர் தகடுகளைப் புதுக் கன்றுகளில் கட்டுவது என் வேலை. தண்ணீர் ஊற்றுவது அம்மா வேலை.

பையைக் கிழிக்காவிட்டால் வேர் எங்கே போகும்? அவசரத்தில் மறந்திருப்பார்கள். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கயிறு அறுக்கிற பிளேடு கையில் இருந்தது. ஓர வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து, பையைக் கிழித்து, திரும்ப வைத்து மண் மூடினேன். பதினொன்று முடிந்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

நகத்தில் மண். மனதுக்கு நன்றாக இருந்தது.

வாங்க: துணி சோப்பு, தைலம், பேனா ரீஃபில்.

ஜூன் 4, செவ்வாய்

சூப்பர்வைசர் சார் கிழிந்த பைகளைப் பார்த்துவிட்டார்.

“கைக்கு ஃபாடே? கோன் போலா?”

உருதுவில். ஏன் கிழித்தேன், யார் சொன்னார்கள் என்று. பிறகு அம்மாவிடம் தெலுங்கில் ஆரம்பித்தார். எல்லாம் நர்சரியிலிருந்து ஒரு வாரத்துக்குக் கொண்டுவந்ததாம். வெள்ளிக்கிழமை ஒரு மேடம் பார்க்க வருகிறார். சனிக்கிழமை லாரி திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். பை போனால் நர்சரிக்காரன் எடுக்கமாட்டான்.

“இது நடறதுக்கு வரலைம்மா, காட்டறதுக்கு வந்தது. உன் பொண்ணுக்கு அறிவு ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை போன வருஷம் நட்டதுன்னுதான் சொல்லணும், ஒரு வார்த்தை மாறினா ரெண்டு பேரும் வரவேண்டாம்.”

“சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிட்டா.” எனக்கும் சேர்த்து அம்மாதான் பேசினாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் அம்மா: “ஸ்கூல்ல வாயைத் திறக்கலைன்னு திட்டு வாங்கினே. இங்கே பையைத் திறந்துட்டு வாங்கறே.” சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்டேன்.

“வெளிநாட்டுல எவனோ ஃபேக்டரி வச்சிருக்கான். அவன் விடற புகைக்கு இங்கே மரம் நட்டுக் கழிச்சுக்கறானாம். மரம் உசுரோட இருக்கான்னு பார்க்க ஆள் அனுப்புவான்.”

“மரம்தான் இல்லையேம்மா.”

“புகை இருக்கே.”

நல்லவேளை இதைத் தமிழில் எழுதுகிறேன். சாருக்குப் படிக்க வராது.

ஜூன் 6, வியாழன்

தகடு எல்லாம் கட்டியாயிற்று. கட்டைவிரலில் கம்பி கீறல். டேங்கர் இரண்டு தடவை வந்தது. ‘நாளைக்கு பச்சையாத் தெரியணும்’ என்று இலை மேலேயே தண்ணீர் அடிக்கச் சொன்னார் சார். அந்தப் பதினொன்றும் மற்றதைப் போலத்தான் இருக்கின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அம்மாவின் மஞ்சள் புடவை துவைத்தேன். நாளைக்கு.

ஜூன் 7, வெள்ளி

மேடம் சென்னையாம். பெரிய தொப்பி, கையில் அட்டை. அம்மா என்னை ஏதோ தமிழில் அதட்டினதைக் கேட்டுத் திரும்பினார்.

“அட, தமிழா! எந்த ஊரு?”

“ஹவ் மேடம். லாலாகுடா” என்றேன். ஆமாம் என்பது உருதுவில்தான் வந்தது.

“அதுக்கு முன்னாடி?”

“வேலூர்னு சொல்லுவாங்க மேடம், நாங்க பார்த்ததில்லை” என்றாள் அம்மா. மேடம் சத்தமாகச் சிரித்தார். என்னைக் கூடவே வரச் சொன்னார். சார் பத்தடி பின்னால் வந்தார். எங்கள் பேச்சு புரியாததால் முகத்தையே பார்த்துக்கொண்டு.

ஒரு கன்றுக்கு முன்னால் மேடம் குந்தினார்.

“போன வருஷம் நட்டதா இது? குட்டியா இருக்கேம்மா.”

அம்மா கையிலிருந்த தண்ணீர் பைப் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பையோட வச்சிருக்காங்க மேடம். மூன்றே வார்த்தை. சொல்லியிருக்கலாம். அவர் விரலை மண்ணில் வைத்தாலே போதும், பை தட்டுப்பட்டிருக்கும். வைக்கவில்லை. இலையைத்தான் தொட்டார்.

“தண்ணி கம்மி மேடம்” என்றேன்.

“பாவம்” என்றார். அட்டையில் டிக். தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒரு போட்டோ. “நல்லாப் பார்த்துக்கறே. படிக்கறியா?”

தலையாட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

சார் எல்லோருக்கும் சமோசா வாங்கினார். எனக்கு இரண்டு. ஒன்றைத் தின்றேன். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தேன்.

ஜூன் 8, சனி

மேகம் வந்தது, போயிற்று. லாரி எட்டு மணிக்கே. பையோடு தூக்கித் தூக்கி அடுக்கினார்கள். மத்தியானத்துக்குள் வெறும் குழிகள்.

ஓர வரிசையில் ஒன்றை இழுத்துப் பார்த்தார் டிரைவர். மண் உதிர்ந்து வேர் தெரிந்தது. “நக்கோ, நக்கோ.” வேண்டாமாம். திரும்பக் குழியிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் மண் தள்ளி மிதித்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து பட்டான்செருவில் இதே வேலை, வேறு நிலம். அம்மாவுக்கும் உண்டு. இங்கே இனி டேங்கர் வராது.

நானே போய் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். “சார், அந்தப் பதினொண்ணுக்கு தண்ணி?”

அவர் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வானத்தைப் பார்த்தார். “மழை வரும்ல” என்றார். பிறகு, “அதுல இருக்கிற நம்பரையும் கழட்டிடு. பட்டான்செருவுல கட்டறதுக்குக் குறையும்.”

போய் உட்கார்ந்து, கம்பியைப் பிரித்து, பதினோரு தகடுகளையும் சாக்கில் போட்டேன்.