பாப்பா கல்லறைக்குப் போகும் தடம்

யூஜீன், ஒரேகான்
மார்ச் 6, 1978

மதிப்பிற்குரிய திரு. டீக் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காமல் படியுங்கள். நான் நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். 1852-இல் என் தாத்தா கைக்குழந்தையாக இருந்தபோது, அவர் குடும்பம் மிசௌரியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தது. வழியில் வயோமிங்கில் அவருடைய அக்கா டாபிதா வாந்திபேதியில் போய்விட்டாள். ஐந்து வயது. எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்காகத்தான் அந்தக் கால வண்டிப் பயணங்களைத் துருவித் துருவிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பழைய தடம் உங்கள் பண்ணை வழியாகப் போகிறதாம். அங்கே ‘பாப்பா கல்லறை’ என்று ஒன்று இருக்கிறதாம். அது எங்கள் டாபிதாவாக இருக்குமா? எங்கள் குடும்பத்தில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். நான் தேடாவிட்டால் அவளைத் தேட ஆளில்லை.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இமோஜின் பிராட்


டீக் பண்ணை, வயோமிங்
மார்ச் 21

அன்புள்ள மிஸ் பிராட்,

நான் ஏன் முகம் சுளிக்கப் போகிறேன்? இங்கே தபாலில் வருவதெல்லாம் டிராக்டர் விளம்பரம்தான். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

கல்லறை இருப்பது உண்மை. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல், இடுப்பு உயரத்துக்குக் கற்குவியல். யார் பிள்ளை என்று தெரியாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என் மனைவி வெர்னா ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குப் பூ கொண்டு போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பழைய வண்டித் தடத்தில்தான் என் பிக்கப் வண்டியை ஓட்டுவேன். ஓடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, வண்டியைத் தூக்கிப் போடும். வெர்னா பூ வாளியை மடியில் அணைத்துக்கொண்டு, “மெதுவாத்தான் போங்களேன், அப்படி என்ன தலை போற அவசரம்?” என்பாள். ஒருநாளும் நான் மெதுவாகப் போனதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின குளிரில் அவள் இறந்துவிட்டாள். “அந்தப் புள்ள பாவம், தனியாக் கெடக்குது. அது பக்கத்துலயே என்னையும் வச்சிடுங்க” என்றாள். “ஏன், ஊர்க் கல்லறையில இடமா இல்ல?” என்று பாதிரியார்கூடக் கேட்டார். நான் அங்கேதான் வைத்தேன். இப்போது வாளி பக்கத்து இருக்கையில் தனியாக வருகிறது. பள்ளம் வந்தால் கவிழ்ந்து, தண்ணீரெல்லாம் கொட்டிப்போகிறது.

அது உங்கள் டாபிதாவாகவே இருக்கட்டும்.

ஹார்லன் டீக்


யூஜீன்
ஏப்ரல் 9

அன்புள்ள ஹார்லன்,

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மிஸ் பிராட் என்று யாராவது சொன்னால் நூலகத்தில் சத்தம் போட்ட பையன்களை அதட்டத் தோன்றுகிறது.

பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜூன் கடைசியில் வருகிறேன். அதற்குள் இங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியது கொஞ்சம் பாக்கி. இந்த வீட்டில் சாயங்காலமானால் கடிகாரம் மட்டும்தான் பேசும். நேற்று சூப் குடிக்கும்போது உங்கள் கடிதத்தை மேஜையில் எதிரே சாய்த்து வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

வெர்னாவைப் பார்க்கவும் எனக்கு ஆசை.

அன்புடன்,
இமோஜின்


டீக் பண்ணை
மே 4

அன்புள்ள இமோஜின்,

சிரிக்கவில்லை. நானும் அதைத்தான் செய்கிறேன், சூப்புக்குப் பதில் பீன்ஸ். நீங்கள் வரும்போதும் பீன்ஸ்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. புதுச் சட்டை வாங்கப் போனேன். கடைக்காரி லோயிஸ் விடுவாளா? “என்ன ஹார்லன், மாப்பிள்ளை முறுக்கெல்லாம் பலமா இருக்கு?” என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். “வாய மூடிட்டு மீதியக் குடும்மா” என்று வந்துவிட்டேன். ஆனால் மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஒரு பலகையில் ‘டாபிதா’ என்று செதுக்கிக் கற்களின் நடுவே நட்டிருக்கிறேன். இத்தனை காலம் பெயரில்லாமல் கிடந்தாளே. வெர்னாவிடமும் சொன்னேன், உன் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று.

ஹார்லன்


யூஜீன்
மே 27

அன்புள்ள ஹார்லன்,

இதை எழுதாமலே இருந்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். பொய்யோடு வந்து உங்கள் மேஜையில் உட்கார என்னால் முடியாது.

டாபிதா குடும்பத்துக்குப் பின்வண்டியில் வந்த ஒருத்தியின் நினைவுக் குறிப்பு காப்பகத்தில் கிடைத்தது. உங்கள் ஓடை, எதிரே மேடு, எல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாள். ஆனால் அவர்கள் மேட்டில் புதைக்கவில்லை. மேலே கல்லும் வைக்கவில்லை. கல் வைத்தாலும் ஓநாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும் என்று பயம். ஓடைக்குச் சற்று முன்னால், தடத்தின் நடுவிலேயே குழி வெட்டி மூடி, எல்லா வண்டிகளையும் அதன் மேலேயே ஓட்டி, அடையாளமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பள்ளம்தான், ஹார்லன்.

கற்குவியலைப் பற்றியும் விசாரித்தேன். காப்பகத்தில் வேலை பார்க்கும் கிழவர் உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். “அதெல்லாம் ஆடு மேய்க்கிறவங்க பொழுது போகாம அடுக்கினதும்மா. ஒவ்வொரு மேட்டுலயும் இருக்கும்” என்றார்.

என்னை மன்னியுங்கள்.

இமோஜின்


டீக் பண்ணை
ஜூன் 5

மிஸ் பிராட்,

என் வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தேன். மேய்ச்சலுக்குச் சண்டைக்கு வரும் ஆட்டுக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. கடைசியில் எவனோ ஓர் ஆட்டுக்காரன் அடுக்கி வைத்த கல்லுக்குத் துணையாக என் மனைவியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். தனியாகக் கிடப்பது அவள்தான்.

பிள்ளைக்குப் பூ கொண்டுபோகிறேன் என்று வாராவாரம் அந்தப் பிள்ளை மேலேயே சக்கரத்தை ஏற்றியிருக்கிறேன். இனி அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோக மாட்டேன். சுற்றிப் போக வேறு வழி இல்லை, இரண்டு பக்கமும் பாறை. என் இடுப்பு இருக்கிற இருப்பில் நடக்கவும் முடியாது. அதனால் வெர்னா அங்கே, நான் இங்கே.

நீங்கள் வர வேண்டாம். இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஹா. டீக்


யூஜீன்
ஜூன் 12

அன்புள்ள ஹார்லன்,

உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓநாய் என்று படித்ததும் அழுது, அந்தக் குறிப்பை மூடி வைத்துவிட்டேன். நேற்று திரும்பப் போய் மிச்சத்தையும் படித்தேன்.

மறுநாள் வண்டிகள் கிளம்பியபோது டாபிதாவின் தாய் ஏறவில்லையாம். குறிப்பு எழுதியவள்தான் துணைக்கு இருந்தாளாம். பின்னால் வேறொரு கூட்டம் வரும்வரை கைக்குழந்தையோடு தடத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தாளாம். அந்த முன்பின் தெரியாத வண்டிக்காரர்களைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். “ஒதுங்கிப் போயிடாதீங்கய்யா. இது மேலயே ஓட்டிட்டுப் போங்க. பின்னால வர்றவங்க கிட்டயும் சொல்லுங்க.” அவர்கள் ஓட்டிப் போனதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாளாம்.

அவள் கேட்டதைத்தான் நீங்கள் இத்தனை வருஷமும் செய்திருக்கிறீர்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வரட்டுமா என்று கேட்கவும் மாட்டேன்.

இமோஜின்


டீக் பண்ணை
ஜூன் 19

அன்புள்ள இமோஜின்,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் சட்டைப்பையிலேயே இருந்தது. நேற்று ஞாயிறு. வண்டியை எடுத்தேன்.

பள்ளத்துக்கு வந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. நடக்கிற வேகத்தில் இறங்கி ஏறினேன். வண்டி குலுங்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வெர்னா இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், மெதுவாகப் போங்கள் என்று. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

மேட்டில் பெயர்ப் பலகையைப் பிடுங்கிவிட்டேன். பள்ளத்தில் கொண்டுபோய் நடவும் இல்லை. பெற்றவள் மறைத்து வைத்ததை நான் காட்டிக்கொடுக்கக் கூடாது. கல்லை மட்டும் அப்படியே விட்டேன். அடுக்கினவனும் தனியாக இருந்தவன்தானே.

அப்புறம் வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளம் நேர் கீழே தெரிகிறது. இவ்வளவு காலம் கவனித்ததில்லை. கூப்பிடு தூரம்தான்.

வாளி மட்டும் நேற்றும் கவிழ்ந்துவிட்டது, ஓடையில் இறங்கும்போது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் அதை மடியில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள்.

ஹார்லன்